பிரபலங்கள் மோதும் களிப் பொம்மைக் கார்ட்டூனைத் திருகோணமலை வெக்கையில் எடுக்கலாமா?

திருகோணமலையிலிருந்து ஒருவர் கேட்டிருப்பது இது: 1998இல் எம்டிவியில் வந்த "செலிபிரிட்டி டெத்மேட்ச்" மாதிரி, நம் சினிமா நட்சத்திரங்களும் கிரிக்கெட் வீரர்களும் களிப் பொம்மைகளாகக் குத்துச்சண்டை வளையத்துக்குள் இறங்கி அடிபடும் ஒரு சின்ன நிகழ்ச்சியை, மூன்று நண்பர்கள் சேர்ந்து ஒரு போனை மட்டும் வைத்து எடுக்க முடியுமா? பள்ளிக்கூடப் பிளாஸ்டிசின் லைட்டுக்குக் கீழே பத்து நிமிடத்தில் தொய்ந்துவிடுகிறது, அதற்கு என்ன வழி? கேள்வி களியைப் பற்றியது போலத் தெரிந்தாலும் உள்ளே இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பொம்மையை நிமிர்ந்து நிற்க வைப்பது எப்படி என்பது ஒன்று. பார்த்தவுடன் "இது இன்னார்" என்று சனம் சிரிக்க என்ன வேண்டும் என்பது மற்றது. முதலாவதற்குத் தீர்வு சுலபம். இரண்டாவதில்தான் உங்கள் நேரத்தில் பெரும்பகுதி போக வேண்டும். எடுக்கலாம் என்பதே என் பதில். ஆனால் உழைப்பைத் தலையிலும் குரலிலும் கொட்டுங்கள். உடம்பை மலிவாகச் செய்யுங்கள், அது எப்படியும் உடையப் போகிறது.

முதலில் அந்த நிகழ்ச்சி எப்படிக் கட்டப்பட்டிருந்தது என்று பாருங்கள். எரிக் ஃபோகல் உருவாக்கியது. பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்து, ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு படம் எடுத்து, அவற்றைத் தொடர்ந்து ஓடவிடும் முறை இது. 1998 மே மாதம் தொடங்கி 2002 வரை ஓடியது. பிறகு 2006, 2007இல் எம்டிவி 2இல் மறுபடி வந்தது. ஜொனி கோமஸ், நிக் டயமண்ட் என்ற இரண்டு கற்பனை வர்ணனையாளர்கள் மேசைக்குப் பின்னால் இருப்பார்கள். நடுவர் மட்டும் நிஜ மனிதர்: 1997இல் குத்துச்சண்டை வீரர் மைக் டைசன் ஹோலிஃபீல்டின் காதைக் கடித்த அந்தப் போட்டியின் நடுவர் மில்ஸ் லேன். முதல் ஓட்டத்தில் தன் பொம்மைக்குத் தானே குரலும் கொடுத்தார். வளையம், மேசை, வர்ணனையாளர், நடுவர் நால்வகையும் எல்லா நாளும் ஒன்றேதான். மாறுவது சண்டை போடும் இரண்டு பேர் மட்டும். இதைத்தான் நீங்கள் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை செய்த வளையமும் மேசையும் பத்துச் சண்டைக்கு உதவும். வர்ணனையாளர்களுக்கு இடுப்புக்குக் கீழே உடம்பே தேவையில்லை. வாயும் புருவமும் அசைந்தால் போதும். 90 விநாடிப் படத்தில் 30 விநாடி வர்ணனை மேசை, 15 விநாடி அறிமுகமும் நடுவரும், மீதி 45 விநாடி சண்டை என்று பிரித்தால், கடினமான வேலை பாதியாகிவிடும். சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்பதையும் கவனியுங்கள். அந்த இருவரும் மெய்யான குத்துச்சண்டையை வர்ணிப்பது போலவே பேசுவார்கள். தலை கழன்று விழுந்தாலும் அது ஒரு விளையாட்டுச் செய்தி. இலங்கை வானொலித் தமிழ் வர்ணனையைக் கேட்டு வளர்ந்த ஊருக்கு இந்தத் தொனி புதிதில்லை. தென்னிந்தியத் தொலைக்காட்சி நகைச்சுவைக் குரலைப் போடாதீர்கள். வர்ணனையாளர் சிரித்துவிட்டால் பார்ப்பவர் சிரிக்கமாட்டார்.

இனிக் களி. பள்ளிக்கூடப் பிளாஸ்டிசின் என்பது சுண்ணாம்புத் தூளும் வாசலின் போன்ற எண்ணெய்ப் பசையும் கொழுப்பமிலமும் சேர்ந்தது. அது காயாது, ஆனால் வெப்பத்துக்கு இளகும். வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் காற்று வீசும் நாட்களில் நம் அறைக்குள்ளேயே 33, 34 பாகை இருக்கும். லைட்டை ஒரு முழத்தில் வைத்தால் பொம்மையின் நெற்றியில் அதைவிடக் கூடும். எனவே களியை நீங்களே இறுக்க வேண்டும். 100 கிராம் களிக்கு 5 கிராம் தேன்மெழுகில் தொடங்குங்கள். ஒரு பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க, அதற்குள் சின்னப் பாத்திரத்தை வைத்து அதில் மெழுகையும் களியையும் இளக்கிக் கலக்குங்கள். நேரடி அடுப்பில் ஒருபோதும் வைக்காதீர்கள்; எண்ணெய் தீப்பிடிக்கும், நிறமும் கருகும். ஆறியதும் பிசைந்து, 1 சென்டிமீற்றர் தடிப்பில் 10 சென்டிமீற்றர் நீளக் குச்சியாக உருட்டுங்கள். 3 சென்டிமீற்றர் மேசையில் இருக்க, மீதி 7 சென்டிமீற்றர் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கட்டும். நீங்கள் பாவிக்கப்போகும் லைட்டுக்குக் கீழே 15 நிமிடம் விடுங்கள். நுனி 1 சென்டிமீற்றருக்கு மேல் தாழ்ந்தால் இன்னும் 2 கிராம் மெழுகு. 15 கிராமைத் தாண்டினால் முகத்தை வளைக்கும்போது வெடிப்பு விழும். மெழுகு சேர்த்தால் இறுகும் என்பது உறுதி. எத்தனை கிராம் என்பது நீங்கள் வாங்கும் களிக்குக் களி மாறும். அதனால்தான் இந்தக் குச்சிச் சோதனையைத் தாண்டிப் போகாதீர்கள் என்கிறேன். தேன்மெழுகு கிடைக்காவிட்டால் முகப்பவுடரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிப் பிசையலாம். இறுகும், ஆனால் நிறம் வெளிறும். மெழுகுதிரி மெழுகு வேண்டாம், உதிரும்.

இரண்டு பொருட்களைத் தொடவே வேண்டாம். கோதுமை மாவும் உப்பும் சேர்த்துச் செய்யும் மாக்களி இரண்டே நாளில் காய்ந்து வெடிக்கும், இரவில் எறும்பும் கரப்பானும் வரும். குயவர் களிமண் படப்பிடிப்புக்கு நடுவிலேயே சுருங்கும். காலையில் எடுத்த முகமும் மாலையில் எடுத்த முகமும் ஒன்றாக இருக்காது.

இடைவேளையில் தலையைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாமா என்று கேட்பீர்கள். வைக்கலாம், ஆனால் கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம். வெளியே எடுத்தவுடன் முகம் முழுக்க வியர்த்துவிடும். அந்த நீர்த்துளிகள் ஒவ்வொரு படத்திலும் வெவ்வேறு இடத்தில் மின்னும். காற்றுப்புகாத பொலித்தீன் பையில் போட்டு வையுங்கள். வெளியே எடுத்தபின் பையைத் திறக்காமல் அரை மணித்தியாலம் விடுங்கள். ஈரம் பையின் மேல்தான் படியும்.

உடம்புக்குள் எலும்பு வேண்டும். கட்டுமானக் கடையில் கிடைக்கும் கல்வனைஸ் கம்பி சரிவராது. வளைத்த இடத்தில் நிற்காமல் கொஞ்சம் திரும்பிப் போகும், கை ஒவ்வொரு படத்திலும் நடுங்குவது போலத் தெரியும். 1.5 மில்லிமீற்றர் அலுமினியக் கம்பி கிடைத்தால் அதுவே நல்லது; இரண்டு இழையை முறுக்கிக் கைக்கு, மூன்று இழையைக் காலுக்கு. முறுக்கத் துளைபோடும் மெசினில் ஒரு நுனியை மாட்டி, மற்ற நுனியைக் குறட்டால் பிடித்து மெதுவாகச் சுற்றுங்கள். அலுமினியம் கிடைக்காவிட்டால், வீட்டு லைட் வயரிங்குக்குப் போடும் 1/1.13 என்ற அளவு வயரின் உறையை உரித்தால் 1.13 மில்லிமீற்றர் செப்புக் கம்பி வரும். அதில் மூன்றை முறுக்கலாம். செம்பு வளைக்க வளைக்க இறுகி ஒரு கட்டத்தில் முறியும், களியில் உள்ள கொழுப்பமிலத்தோடு சேர்ந்து பச்சைக் கறையும் விடும். அதனால் செம்புக்கு மேல் மெல்லிய பிளாஸ்டர் நாடாவைச் சுற்றிவிட்டுக் களி போடுங்கள். அதிகம் முறிவது கணுக்கால், அடுத்தது கழுத்து. இந்த இரண்டு இடத்திலும் கம்பியை நேரடியாக ஒட்டிவிடாமல், சின்னப் பித்தளைக் குழாய்க்குள் சொருகி எடுக்கக்கூடியதாக வைத்தால், முறிந்த காலை மட்டும் மாற்றலாம். மூட்டுக்கு மூட்டு இடைப்பட்ட பகுதியில், தண்ணீர்க் குழாய் அடைக்கும் இரண்டு பகுதிப் பசைக் களியைப் பூசி இறுக்குங்கள். அப்போதுதான் முழங்கை முழங்கையில் மடியும், கை பாம்பு போல வளையாது.

பொம்மையின் உயரம் 20 சென்டிமீற்றர் போதும். தலை 6 சென்டிமீற்றர். கேலிச்சித்திரத்துக்கு இந்தப் பெரிய தலை வேண்டும். ஆனால் முழுக் களியில் அந்தத் தலை பாரமாகிக் கழுத்தை வளைத்துவிடும். உள்ளே ரிஜிபோம் (தெர்மோகோல்) உருண்டை வைத்து, அதற்கு மேல் அலுமினியத் தாளைச் சுற்றி, அதன்மேல் 5 மில்லிமீற்றர் களி போடுங்கள். தலை முழுவதும் 80 கிராமுக்குள் நிற்க வேண்டும். உடம்புக்குக் களியே வேண்டாம். மெத்தைக் கடையில் வெட்டி எறியும் ஸ்பொஞ்சைக் கம்பியில் சுற்றி, மேலே துணி தைத்து விடுங்கள். வேட்டி சாரம் கட்டிய பொம்மை உங்களுக்குப் பெரிய உதவி. காலும் பாதத்தைப் பிடித்திருக்கும் ஆணியும் மறைந்துவிடும். துணி ஒவ்வொரு தொடுகைக்கும் மடிப்பு மாறித் துடிக்கும். வெள்ளைப் பசையில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து துணியில் தடவிக் காயவிட்டு, ஓரத்தில் மெல்லிய கம்பி ஒன்றைத் தைத்தால் மடிப்பு நீங்கள் வைத்தபடி நிற்கும்.

வளையம் 60 சென்டிமீற்றர் சதுரத்தில் 9 மில்லிமீற்றர் பிளைவூட். அதைக் காலில் உயர்த்தி, கீழே உங்கள் கை போகும் அளவு இடம் விடுங்கள். பாதத்துக்குள் 3 மில்லிமீற்றர் நட் ஒன்றை ஒட்டிவைத்து, பலகையின் கீழிருந்து அதே அளவு ஸ்குரூவால் இறுக்கிப் பிடிக்க வேண்டும். இதைச் செய்யாத பொம்மை ஒரு குத்துக்குக்கூட நிற்காது. காலடி மாறும் இடமெல்லாம் ஒரு துளை; பயன்படாத துளையைத் தரை நிறக் களியால் அடைத்துவிடுங்கள். ஸ்குரூவும் நட்டும் பித்தளை அல்லது துருப்பிடிக்காத இரும்பாக இருக்கட்டும். உப்புக் காற்றில் சாதா ஸ்குரூ இரண்டு வாரத்தில் இறுகிக் கழற்ற முடியாமல் போகும், அதைக் கழற்றுகிற அவசரத்தில் பொம்மையின் கால் போகும். வளையத்தின் கயிற்றுக்கு மெய்யான நூல் போடாதீர்கள், தொட்டால் ஆடிக்கொண்டே இருக்கும்; கம்பிக்கு மேல் நூல் சுற்றினால் அசையாது.

இப்போது முகத்துக்கு வருவோம், இதுதான் விஷயமே. ஆள் யாரென்று அடையாளம் தெரிவது கண் மூக்கு அளவில் இல்லை. நிழலில் தெரிய வேண்டும். தலையைச் செய்ததும் லைட்டை அதன் பின்னால் வைத்துக் கருநிழலாகப் படம் எடுங்கள். நிழலிலேயே ஆள் தெரிந்தால் பாதி வெற்றி. லசித் மாலிங்க என்றால் அந்தச் சுருள் முடியும் பக்கவாட்டில் சுழலும் கையும். முரளிதரன் என்றால் பந்தை விடும் கணத்தில் விரியும் கண்கள். எம்ஜிஆர் என்றால் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும். ரஜினிகாந்த் என்றால் முகத்தைவிடக் கை வேகம். ஒருவருக்கு ஒரு அடையாளத்தை மட்டும் மிகைப்படுத்துங்கள். மூன்றைப் பெருக்கினால் முகம் எவருடையதும் இல்லாமல் போகும். சண்டையின் ஆயுதமும் அந்த ஒரு அடையாளத்திலிருந்தே பிறக்க வேண்டும். மாலிங்க எதிராளியின் கால்விரலைப் பார்த்து யோர்க்கர் போட வேண்டும், சும்மா முகத்தில் குத்தக்கூடாது. அந்த ஆளால் மட்டுமே செய்யக்கூடிய அடி எது என்று ஒவ்வொரு சண்டைக்கும் முதலில் எழுதுங்கள். அது கிடைக்காவிட்டால் அந்தச் சண்டையை விட்டுவிட்டு வேறு ஆளைப் பாருங்கள்.

ஒரு தலை போதாது. சண்டையில் முகம் நசுங்க வேண்டும், பிளக்க வேண்டும். நசுங்கிய களியை மறுபடி அதே முகமாக்க முடியாது. அதனால் முதல் தலையைச் செய்து முடித்ததும் பிளாஸ்டர் ஒஃப் பாரிஸ் அச்சு எடுத்துவிடுங்கள், முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. 70 மில்லிலீற்றர் தண்ணீருக்கு 100 கிராம் பிளாஸ்டர். தண்ணீரில் பிளாஸ்டரைத் தூவ வேண்டும், பிளாஸ்டரில் தண்ணீரை ஊற்றினால் கட்டி பிடிக்கும். ஒரு நிமிடம் ஊறவிட்டு, குமிழி வராமல் மெதுவாகக் கலக்கி ஊற்றுங்கள். முதல் பாதி இறுகியதும் அதன் விளிம்பில் வாசலின் பூசிவிட்டு இரண்டாம் பாதியை ஊற்றுங்கள். பூசாவிட்டால் இரண்டும் ஒரே கல்லாகிவிடும். காது, மூக்குத் துவாரம், கண்ணாடி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு அச்செடுங்கள், இல்லாவிட்டால் களி உள்ளே மாட்டிக்கொள்ளும். அச்சில் களியை அமுக்குவதற்கு முன் அச்சைத் தண்ணீரில் ஊறவைத்து மேல் ஈரத்தைத் துடைத்தால் எண்ணெய்க் களி ஒட்டாமல் கழன்று வரும். ஓர் ஆளுக்கு நான்கு தலை: ஒன்று நல்லது, ஒன்று பக்கவாட்டில் நசுங்கியது, ஒன்று வீங்கியது, கடைசி பிளக்கப்போவது.

வேலையின்போது நிற ஒழுங்கைக் கவனியுங்கள். சிவப்பும் கறுப்பும் விரலிலிருந்து வெள்ளைக்குத் தாவும், தாவியதை எடுக்க முடியாது. கண்வெள்ளை, பல், தோல், முடி என்று வெளிறியதிலிருந்து கடுமைக்குப் போங்கள். நிறம் மாறும்போதெல்லாம் ஈரத்தாளால் கையைத் துடையுங்கள். விரல்ரேகையை அழிக்கக் குழந்தை எண்ணெயை ஒரு துளி துணியில் தொட்டுத் தடவினால் போதும். தேங்காய் எண்ணெய் தாராளமாகப் பூசினால் மெழுகு சேர்த்து இறுக்கியது வீணாகும்.

வாய்க்குத் தனித்தனித் துண்டுகள் செய்துவைத்து மாற்றுங்கள். தமிழுக்கு எட்டு வடிவம் போதும்: மூடிய வாய், அ, ஆ, இகரம், எகரம், உகரமும் ஓகாரமும் சேர்ந்த குவிந்த வாய், பல்லும் உதடும் தொடும் வகரம், கடைசியாக அலறும் வாய். ட, ண, ள, ழ எல்லாம் நாக்கை உள்ளே மடித்துச் சொல்வது. வெளியே வடிவம் தெரியாது, அதற்குத் துண்டு செய்து நேரத்தை வீணாக்காதீர்கள். விநாடிக்கு 12 படம் என்ற கணக்கில் எடுத்தால் ஒவ்வொரு எழுத்தையும் பிடிக்கத் தேவையில்லை. "முகத்துக்கு நேரா விழுந்தது அடி" என்ற வர்ணனை வரியைப் பாருங்கள். மகரத்துக்கு மூடிய வாய் 2 படம், அதன் உகரம் 2, ககரத்தின் அ 2, "த்துக்கு" முழுவதற்கும் குவிந்த வாய் 3, நே 2, ரா 3, வி 2, ழு 2, ந்த 2, து 1, அ 2, டி 2. மொத்தம் 25 படம், 2 விநாடிக்குச் சற்று மேல். ம, ப வரும் இடத்தில் வாய் மூடாவிட்டால் மட்டும் பார்ப்பவர் உடனே பிடித்துவிடுவார். ஆகவே மூடிய வாயைக் குறைந்தது 2 படம் வையுங்கள். சத்தம் வருவதற்கு ஒரு படம் முன்பே மூடுங்கள்.

இதிலிருந்தே தெரியும், குரலை முதலில் பதிவு செய்ய வேண்டும். படம் எடுத்தபின் குரல் போடுவது நடக்காத காரியம். துணி நிறைந்த அலுமாரியின் கதவைத் திறந்து அதற்குள் முகத்தை வைத்துப் பேசினால் அறையின் எதிரொலி போய்விடும். இரைச்சல் சத்தங்களை வீட்டிலேயே செய்யலாம். எலும்பு முறிய முருங்கைக்காய், குத்துக்கு ஈரத் துணியைச் சீமெந்துத் தரையில் அறைவது, தசை கிழியக் கோவா இலையைப் பிய்ப்பது. சனக்கூட்டச் சத்தத்துக்கு மக்கெய்சர் மைதானத்தில் உதைபந்தாட்டம் நடக்கும்போது பத்து நிமிடம் போனில் பதிவு செய்யுங்கள். கோல் விழும் சத்தமும் தவறும் சத்தமும் தனித்தனியாகக் கிடைத்தால் அதுவே ஒரு தொடருக்குப் போதும்.

போனில் எடுக்க ஸ்டொப் மோஷன் ஸ்டூடியோ என்ற செயலி போதும். முந்திய படத்தை மங்கலாக மேலே காட்டும், அதுதான் முக்கியம். போனை விமானப் பயன்முறையில் போடுங்கள். ஒளியளவு (எக்ஸ்போஷர்), குவியம் (ஃபோகஸ்), வெள்ளைச் சமநிலை (வைட் பாலன்ஸ்) மூன்றும் தானாக மாறாதபடி பூட்டுங்கள். திரையைத் தொட்டுப் படம் எடுத்தால் போன் அசையும். இயர்போனின் சத்தம் கூட்டும் பொத்தானோ புளூடூத் பொத்தானோ பாவியுங்கள். அகல வில்லை முகத்தைக் கோணலாக்கும். இரண்டு மடங்கு வில்லையை வைத்து 50 சென்டிமீற்றர் தள்ளி நில்லுங்கள். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், மலிவு எல்ஈடி குமிழ் விநாடிக்கு 100 தடவை மினுங்கும். ஷட்டரை 50இல் ஒரு பங்கு அல்லது 25இல் ஒரு பங்கு விநாடியில் வைத்தால் அது படத்தில் தெரியாது. ஆனால் இரவில் அயலில் தண்ணீர் மோட்டார் போட்டதும் மின்னழுத்தம் இறங்கி லைட் மங்கும், அதை எந்த ஷட்டரும் காப்பாற்றாது. யூஎஸ்பி எல்ஈடி இரண்டைப் பவர் பேங்கில் செருகி முழு வெளிச்சத்தில் எரியவிடுங்கள்; மங்கலாக்கும் பொத்தானைத் தொட்டால் மறுபடி மினுங்கும். கரண்ட் போனாலும் வேலை நிற்காது. ஜன்னலைக் கறுப்புத் துணியால் அடையுங்கள். கறுப்புச் சட்டை போடுங்கள், ஒவ்வொரு படத்துக்கும் ஒரே இடத்துக்குத் தள்ளி நில்லுங்கள். வெள்ளைச் சட்டையின் ஒளி பொம்மையின் கன்னத்தில் ஏறி இறங்கும். மின்விசிறி துணியையும் நூலையும் ஆட்டும் என்பதால் நிறுத்தத்தான் வேண்டும். அதனால் இரவு 10 மணிக்குப் பிறகு எடுப்பதே நல்லது. கார்த்திகை முதல் தை வரை வாடைக்காற்றுக் காலத்தில் எடுத்தால் களிச் சிக்கல் பாதியாகக் குறையும், ஈரச் சிக்கல் கூடும். எனக்கு அந்தப் பேரம் நல்லதாகவே படுகிறது.

குத்து எப்படி விழ வேண்டும்? கையைப் பின்னே இழுக்க 5 படம், பாய்வதற்கு 1 படம், பட்டதும் நசுங்கிய தலையோடு 2 படம் அசையாமல், பிறகு தலை பின்னால் போய் வர 5 படம். புதிதாகச் செய்பவர்கள் பாய்ச்சலுக்கு 4, 5 படம் வைப்பார்கள். அது தடவிக்கொடுப்பது போல இருக்கும். கை முகத்தைத் தொடும் படத்தையே எடுக்காமல், தொடுவதற்கு முன் ஒன்று, நசுங்கியபின் ஒன்று என்று தாவினால் அடி பலமாகத் தெரியும். சத்தத்தை நசுங்கிய முதல் படத்தில் வையுங்கள். அந்தப் படத்தில் மட்டும் போனை 2 மில்லிமீற்றர் தாழ்த்தினால் வளையமே அதிரும்.

பறக்கும் ஆளைப் பிடிக்க மீன்பிடிக் கடையில் தங்கூசி என்ற நைலோன் நூலை வாங்குங்கள், மெல்லியதாகப் பார்த்து. அது லைட்டில் மின்னும். தேன்மெழுகால் உருவினால் மின்னாது. ஆனால் தங்கூசியில் தொங்கும் பொம்மை சுழலும். பாரமான ஆளைத் தடித்த கம்பியால் பின்புறம் தாங்கி, பொம்மையே இல்லாத வெறும் வளையத்தையும் அதே இடத்திலிருந்து ஒரு படம் எடுத்துவையுங்கள். பிறகு கணினியில் கம்பியின்மேல் அந்த வெறும் படத்தைப் போட்டு மறைக்கலாம். இந்த வெறும் படத்தை ஒவ்வொரு காட்சிக்கும் முதலில் எடுங்கள், கடைசிக்கு விட்டால் போன் நகர்ந்திருக்கும். இரத்தத்துக்குத் திரவம் வேண்டாம். படத்துக்குப் படம் வழிந்து இடம் மாறும். சிவப்புக் களியை மணிமணியாக உருட்டித் தங்கூசியில் கோத்துவிடுங்கள். தரையில் கிடக்கும் இரத்தத்துக்குச் சிவப்புக் களியின்மேல் நகப்பூச்சு ஒரு தடவை பூசினால் ஈரமாகத் தெரியும்.

சட்டத்தைப் பற்றி. நான் சட்டத்தரணி இல்லை. பொதுவில் உறுதியானதை மட்டும் சொல்கிறேன். இலங்கையில் குற்றவியல் அவதூறுச் சட்டம் 2002இல் நீக்கப்பட்டது, ஆனால் நட்டஈடு கேட்டு வழக்குப் போடும் வழி அப்படியே இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் விமர்சனம், கருத்துரை போன்றவற்றுக்கு நியாயமான பாவனையை அனுமதிக்கிறது. பகடி என்ற சொல் அதில் தனியாக இல்லை. 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம் இன, மதப் பகையைத் தூண்டுவதைக் குற்றமாக்குகிறது, 2024இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இருக்கிறது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே கடைத்தெருவில் நிற்கும் ஊர் இது. ஓர் ஆளை அவருடைய தொழிலுக்காகவும் பந்தாவுக்காகவும் அடியுங்கள். சமயச் சின்னமும் இனமும் வளையத்துக்குள் வரவே கூடாது, எதிராளி பொம்மை என்றாலும். இந்தியாவில் ரஜினிகாந்த் தன் பெயரையும் சாயலையும் பிறர் பயன்படுத்துவதற்கு எதிராக 2015இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் தீர்ப்புப் பெற்றார், 2023 ஜனவரியில் பொது அறிவித்தலும் விட்டார். அந்தத் தீர்ப்பு ஒரு முழுநீளத் திரைப்படத்தைப் பற்றியது. இலவசக் கேலிப்படத்துக்கு எப்படிப் பொருந்தும் என்பது விவாதத்துக்குரியது. ஆனால் அவர் முகத்தைப் போட்டு டீசேர்ட் விற்றால் விவாதமே இல்லை. பெயரைத் திரித்து வையுங்கள், மெய்யான குரலை வெட்டி ஒட்டாதீர்கள், செயற்கை நுண்ணறிவால் குரலை நகலெடுக்கவும் வேண்டாம். மிமிக்ரி செய்யும் ஒரு நண்பர் போதும். சினிமாப் பாடலைப் போட்டால் யூடியூப் இயந்திரமே பிடித்துக்கொள்ளும். பறை, உடுக்கு ஆகியவற்றை நீங்களே அடித்துப் பதிவு செய்யுங்கள், சண்டைக்கு அதைவிட நல்ல தாளம் கிடைக்காது. பதிவேற்றும்போது "சிறுவருக்கானது" என்று ஒருபோதும் குறிக்காதீர்கள். களிப் பொம்மை என்பதால் சின்னப் பிள்ளைகள் தாமாகவே வருவார்கள். வயதுக் கட்டுப்பாட்டை நீங்களே போடுங்கள்.

நேரக் கணக்கு: 90 விநாடி, விநாடிக்கு 12 என்றால் 1080 படம். ஒரு படம் 4 எம்பி என்று வைத்தாலும் போனில் 4 முதல் 5 ஜிபி வெறுமையாக இருந்தால் போதும். புதியவர்கள் இருவர் பொம்மையும் ஒருவர் போனும் என்று வேலை செய்தால் ஓர் இரவில் 5 முதல் 8 விநாடி வரும் என்று எதிர்பாருங்கள்; சண்டைக் காட்சியில் அதுவும் குறையும். ஆக இரண்டு மூன்று வாரம். வர்ணனை மேசையை முதலில் எடுங்கள், கை பழகும். பிறகு அறிமுகம், பிறகு சண்டை. எவருடைய தலையும் உடையும் காட்சியைக் கடைசி இரவுக்கு வையுங்கள், கதையில் அது எங்கே வந்தாலும் சரி.

இவ்வளவுக்கும் இறங்குவதற்கு முன் ஒரு வாரத்தில் முடியும் பரீட்சை ஒன்றைச் செய்யுங்கள். ஒரே ஒரு தலை, ஸ்பொஞ்ச் உடம்பு, ஒரு வரி வர்ணனை, ஒரு குத்து. மொத்தம் 5 விநாடி, 60 படம். வீட்டில் விஷயம் தெரியாத ஒருவரிடம், முதலில் சத்தமில்லாமல், பிறகு சத்தத்தோடு காட்டுங்கள். சத்தமில்லாமலே ஆளின் பெயரைச் சொன்னால் அந்தத் தலைக்கு அச்செடுக்கலாம். சத்தத்தோடுதான் சொன்னார் என்றால் குரல் சரி, தலையைத் திருத்த வேண்டும். இரண்டிலும் சொல்லாவிட்டால் களியைப் பிசைந்து மறுபடி உருண்டையாக்குங்கள். எண்ணெய்க் களி என்பதால் ஒன்றும் வீணாகாது.